கரை மாறிய மத்தி

மனிதன் உணவைத் தேடிச் செல்வதுண்டு. உணவு மனிதனைத் தேடி வருவதும் உண்டு. முன்னதை உழைப்பு என்கிறோம். பின்னதை அருட்கொடை என்கிறோம். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. இயல்பாக மூடியிருந்த ஒரு கதவு, எங்கோ எவரோ செய்த கேட்டினால் திறந்துகொள்கிறது. அதன் வழியே ஒரு பொருள் நம் வாசலுக்கு வந்து சேர்கிறது. நாம் அதனைத் தேடவில்லை, திருடவில்லை, பிறரிடமிருந்து பறிக்கவும் இல்லை. வந்தது; எடுத்துக்கொண்டோம். இதனை எப்பெயரால் அழைப்பது? நன்றி கூறிப் பெற்றுக்கொள்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? அதற்கு மேலும் ஏதேனும் நம்மைச் சாருமா?

இது வெறும் ஏட்டு வினா என்று எண்ணிவிடலாகாது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகத் தமிழகக் கடற்கரையில் வலைகளில் வந்து விழும் ஒரு சிறு மீன் இவ்வினாவை நம் முன் வைக்கிறது. அதன் பெயர் மத்தி.

உத்திரமேரூர் கடற்கரை ஊரன்று. ஏரியை நம்பி வாழும் ஊர். 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபின் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கே கடற்கரை இல்லாமற் போயிற்று. ஆயினும் கடல் எங்களை விட்டுவிடவில்லை. பனிக்கட்டிப் பெட்டிகளில் ஏறிச் சந்தைக்கு வந்துவிடுகிறது. நாங்கள் மதரஸாவில் ஓதத் தொடங்கிய காலத்தில் மத்தி என்றால் மலையாளக் கரையின் மீன் என்றே அறிந்திருந்தோம். இன்று இச்சந்தையில் கூறு கட்டி விற்கப்படும் மலிவான மீன்களுள் அதுவும் ஒன்று. வாங்குவோர் விலை கேட்கிறார்கள், "இது எப்படி இங்கே வந்தது?" என்று எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத அவ்வினாவைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மத்தியின் பழைய வீடு

விலங்கியலார் இதனைச் 'சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ்' என்பர். ஒரு சாண் நீளத்தை எட்டுவதே அரிது; வாழ்நாளும் இரண்டு, இரண்டரை ஆண்டுகளே. மலையாளத்தில் மத்தி, தென்பாண்டிக் கரையில் சாளை. சென்னையை ஒட்டிய கரையில் இதன் இனத்து மீன்களுக்குக் கவலை என்று பெயர். தமிழகக் கரையில் மத்திக்குப் பேய்ச்சாளை என்றொரு பெயரும் வழங்கியது. பேய்ச்சுரை, பேய்க்கரும்பு என்பன போல, விரும்பப்படாததற்குத் தமிழன் இடும் அடைமொழி அது. ஒரு கரையில் செல்வமாகப் போற்றப்பட்டது மறு கரையில் பேய் என்று பெயர் பெற்றிருந்தது.

மேற்குக் கரையார் அதனைப் போற்றியதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்தில் கேரளக் கரையோரத்து மேல்நீர் விலகுகிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. அந்நீர் அடிக்கடலின் சத்துகளைச் சுமந்து வருவதால் கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் கோடி கோடியாகப் பெருகுகின்றன. அவற்றை உண்டு மத்தி கொழுக்கிறது, உடலெல்லாம் எண்ணெயாகிறது. முற்காலத்தில் அவ்வெண்ணெய் விளக்கெரிக்கவும் மரக்கலங்களுக்குப் பூசவும் பயன்பட்டது. எண்ணெய் பிழிந்த சக்கை தென்னைக்கு உரமாயிற்று. மலபார் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நாளில், மாகாண மீன்துறையை உருவாக்கிய சர் பிரெடரிக் நிக்கல்சன் இந்த எண்ணெய்த் தொழிலுக்குப் பெரிதும் ஊக்கமளித்தார். அரபிக்கடலின் மறு கரையிலும், ஓமான் நாட்டுக் கடலோரத்தில், மத்தி உண்டு. இந்தியாவில் மட்டும் அதன் வீடு பெரும்பாலும் கேரள, கர்நாடகக் கரைகளுக்குள் அடங்கியிருந்தது. கிழக்குக் கரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அகப்பட்டதேயன்றி, தொழிலாக நடத்தும் அளவுக்கு அது இருந்ததில்லை.

கதவு திறந்தது

1980களின் நடுப்பகுதியிலிருந்து நிலைமை மாறலாயிற்று. வடக்கே முன்பு அரிதாயிருந்த கடற்பகுதிகளிலும், கிழக்கே தமிழக, ஆந்திரக் கரைகளிலும் மத்தி கூட்டங் கூட்டமாகத் தோன்றியது. 1990களுக்குப் பின் தமிழகத்தில் பிடிபடும் முதன்மையான மீன்களுள் ஒன்றாகவே அது ஆகிவிட்டது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இம்மாற்றத்தைப் பதிவு செய்திருக்கிறது. 1947-ல் தோன்றி, மண்டபத்தில் நெடுங்காலம் இயங்கிய அந்நிலையம் 1971-ல் கொச்சிக்குத் தன் தலைமையிடத்தை மாற்றிக்கொண்டது. மீனை ஆராய்வோர் கிழக்கிலிருந்து மேற்கே போனார்கள். மீனோ மேற்கிலிருந்து கிழக்கே வந்தது!

இதற்கு அறிஞர்கள் கூறும் முதன்மைக் காரணம் கடலின் வெப்பம். மத்திக்கு ஏறத்தாழ 27 முதல் 29 பாகை செல்சியஸ் வரையுள்ள நீர் ஏற்றது. முன்பு அந்த அளவுக்கு வெப்பமுறாதிருந்த பகுதிகள் இப்போது அதற்கு உகந்தவையாகிவிட்டன. 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரி ஒரு பாகை சூடேறியிருக்கிறது. உலகக் கடல்களின் சராசரி உயர்வோ 0.7 பாகைதான். புகையினால் பூமியில் தங்கிவிடும் மிகை வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல்களே விழுங்கிக்கொள்கின்றன. வானத்திற்கு நாம் அனுப்பியது கடலுக்குப் போய்ச் சேருகிறது.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தைக் களைவது அவசியம். "கேரளத்து மத்தியெல்லாம் நம் பக்கம் ஓடி வந்துவிட்டது" என்று பலரும் பேசுகிறார்கள். அது சரியன்று. நம் கரையில் மத்தி பெருகிவந்த அதே ஆண்டுகளில் கேரளத்திலும் பெருகத்தான் செய்தது. 1994-ல் மிகவும் தாழ்ந்திருந்த கேரளத்தின் மத்திவரத்து, 2012-ல் 3.9 லட்சம் டன்னாக உயர்ந்தது. ஆகவே நடந்தது குடிபெயர்ச்சியன்று, பரவல். பழைய வீட்டைக் காலி செய்யாமலே மத்தி புது வீடும் கட்டியது. வீழ்ச்சி பிறகுதான் வந்தது. 2015-ல் பசிபிக் பெருங்கடலை மையமாகக் கொண்ட 'எல் நினோ' என்னும் வெப்ப மாற்றம் வலுத்தது. அதனோடு அளவு மீறிய மீன்பிடியும் சேர்ந்தது. 2021-ல் கேரளத்தில் கரை சேர்ந்த மத்தி சுமார் 3,300 டன் மட்டுமே. ஒன்பதே ஆண்டுகளில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே! 2022-ல் மீண்டும் ஒரு லட்சம் டன்னைத் தொட்டது என்பது உண்மையே. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் வெறுங்கையோடு கரை திரும்பிய தோணிகளின் துயரத்தை அது அழித்துவிடாது.

இதிலிருந்து நாம் தெளிய வேண்டுவது யாதெனில், அவர்களுடைய இழப்பு நேரே நம் கைக்கு மாறிவிடவில்லை; ஆனால் நமக்குக் கதவைத் திறந்துவிட்ட வெப்பமும் அவர்கள் அடுப்பை அணைத்த வெப்பமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே மரத்தின் ஒரு கிளையில் கனியும் மறு கிளையில் முள்ளும் கண்டோம். கனியை மட்டும் பார்த்து மரத்தை வாழ்த்துவது அறிவுடைமையாகுமா?

அந்த முள் நம் பக்கமும் நீளாமல் இல்லை. சென்னைக் கடலில் சங்கரா மீன் முன்பு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெப்ப மாதங்களிலும் ஓரளவு முட்டையிட்டுவந்தது. 1980களின் தொடக்கத்தையும் 2000த்தை அடுத்த ஆண்டுகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அது படிப்படியாகக் குளிர் மாதங்களுக்கு மாறியதைக் கண்டார்கள். மத்தி இடத்தை மாற்றிக்கொண்டது. சங்கரா காலத்தை மாற்றிக்கொண்டது. கிழக்குக் கரையில் மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்கவென்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கிறோம். சட்டத்தின் நாட்காட்டி ஒன்று, மீனின் நாட்காட்டி மற்றொன்று என்று ஆகும்போது, அத்தடை சங்கராவுக்கு எவ்வளவு துணையாகும் என்பது சிந்திக்கத்தக்கது.

ஜாஹிழ் கண்ட மீன்கள்

"மீன் இடம் மாறுவது புதுமையா? ஆண்டவன் படைத்த நாள் முதல் அது நடந்துகொண்டுதானே இருக்கிறது?" என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த பேரறிஞர் அல்-ஜாஹிழ், தமது 'கிதாபுல் ஹயவான்' என்னும் விலங்கு நூலில், கடலிலிருந்து பருவந்தோறும் பஸராவின் திஜ்லா நதிக்கு வந்து திரும்பும் மீன்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவற்றுள் ஒருவகை ஆப்பிரிக்காவின் ஸன்ஜு நாட்டுக் கடலிலிருந்து நன்னீரின் சுவையை நாடி வருவதாகக் கடலோடிகள் அவருக்குக் கூறினார்கள். நாடு கடந்து வரும் பறவைகளையும் இம்மீன்களையும் ஒருங்கே வைத்து, 'கடந்து செல்வன' என்று பொருள்படும் 'கவாதிஉ' என்ற சொல்லால் அவர் குறிக்கிறார்.

ஆயினும் ஜாஹிழின் மீன்களுக்கும் நம் மத்திக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அவை வந்தன, திரும்பின, மறு ஆண்டு மீண்டும் வந்தன. அவற்றின் வருகையைக் கொண்டு மாதத்தைக் கணக்கிடலாம். அது பருவம், இயற்கையின் ஒழுங்கு. மத்தியிடம் நாம் காண்பதோ ஒழுங்கின் எல்லையே நகர்வது. வழிப்போக்கன் ஒருவன் திண்ணையில் ஓரிரவு தங்கிச் செல்வது வேறு. ஊரின் எல்லைக்கல்லே இரவோடிரவாக இடம் பெயர்வது வேறு. மத்தியின் வரத்து முன்பும் ஏறி இறங்கியதுண்டு. 1940களில் மலபார்க் கரையில் அது பெரிதும் அருகிப்போனதைப் பழையவர்கள் அறிவார்கள். அந்த ஏற்ற இறக்கத்தின் மீது இந்த எல்லை மாற்றம் வந்து அமர்ந்திருக்கிறது. பழைய அலையைக் காட்டிப் புதிய வெள்ளத்தை மறுக்க இயலாது.

யாருடைய மீன்?

இனி அறநெறியின் பக்கம் திரும்புவோம். நீரில் திரியும் மீன் எவருக்கும் உடைமையன்று. பிடித்தவனுக்கே அது உரியது. பிடிபடுமுன் நீரில் இருக்கும் மீனை விற்பதும் செல்லாது. மார்க்கச் சட்டத்தின் தொடக்கப் பாடங்களை ஓதிய மாணவனும் இதனை அறிவான். எனவே கேரளத்து மீனவர் நம்மைப் பார்த்து, "எங்கள் மத்தியை எடுத்துக்கொண்டீர்கள்" என்று வழக்காட முடியாது.

'லுகத்தா' என்னும் கண்டெடுத்த பொருளுக்கு ஒப்பாக இதனைக் கருதலாமா? வழியில் பணப்பை கிடந்தால், எடுத்தவன் அதனை ஓராண்டுக் காலம் அறிவித்து உரியவனைத் தேட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆனால் லுகத்தா என்பதற்கு உடையவன் ஒருவன் இருந்து, அவன் தொலைத்திருக்க வேண்டும். மத்திக்கு உடையவன் இறைவனையன்றி வேறெவருமில்லை. ஆகவே அந்த ஒப்புமையும் பொருந்தாது. மத்தி ஹலால், அதனைப் பிடிப்பதும் விற்பதும் உண்பதும் ஆகும். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

எனினும் 'ஆகும்' என்பது ஒன்று. 'போதும்' என்பது வேறொன்று. "எடுக்கலாமா?" என்ற வினாவுக்குச் சட்டம் விடை தந்துவிட்டது. "எடுத்தபின் வாளாவிருக்கலாமா?" என்பது அதனினும் வேறான வினா.

எங்கள் ஏரிப் பாசனத்திலிருந்து ஓர் உவமை கூறுகிறேன். ஏரிக்கரையில் ஒரு கசிவு ஏற்படுகிறது. கரைக்கு வெளியே காய்ந்து கிடந்த ஒருவனுடைய புழுதிக்காட்டில் நீர் ஊறுகிறது. விதைக்கிறான், பயிர் பச்சைப் பசேலென எழுகிறது. அப்பயிர் அவனுடையதே, அவன் எவரையும் வஞ்சிக்கவில்லை, கரையை உடைக்கவும் இல்லை. ஆனால் ஊரில் எவரும் அறியாத செய்தி ஒன்றை அவன் அறிவான்: கரை கசிகிறது! கசிவு நாளை உடைப்பாகும். உடைத்தால் ஆயக்கட்டு முழுவதும் அழியும். அவனுடைய பசும்பயிரும் அந்த வெள்ளத்தில் போகும். கசிவினால் பயன் பெற்றவனே கசிவுக்கு முதற்சாட்சி. சாட்சியை மறைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை நம் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழகக் கரையின் மத்தி, கசிவின் கீழ் விளைந்த பயிர். அதனை உண்பது குற்றமன்று. உண்டுகொண்டே கரையைப் பற்றிப் பேசாதிருப்பதுதான் குற்றம்.

கிணறு வெட்டியவன் யார்?

"கரையை உடைத்தவர் வேறு யாரோ, நாங்கள் என் செய்வோம்?" என்று கேட்கலாம். இங்கே பொறுப்பு என்பதன் இலக்கணத்தைச் சற்று ஆராய்வோம்.

உயிரினங்கள் தம் எல்லையைக் கடக்க மனிதன் மூவகையில் காரணமாகிறான். முதலாவது, தானே சுமந்து செல்வது. நம் ஏரி குளங்களில் நிறைந்திருக்கும் ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க நன்னீர் மீன்; 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பரவியது. கொணர்ந்த கை கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது, வழியை வெட்டிவிடுவது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது கப்பல்களுக்காக. ஆனால் செங்கடலின் மீன்கள் அவ்வழியே மத்தியதரைக் கடலில் குடியேறின. நச்சுடைய பேத்தை மீன் ஒன்று 2003-ல் துருக்கிக் கரையில் காணப்பட்டு, பிறகு அக்கடலெங்கும் வலைஞர்களுக்குத் தொல்லையாயிற்று. கை தெரிகிறது, ஆனால் அந்தக் கைக்கு அந்த நோக்கம் இல்லை. மூன்றாவது, வீட்டையே மாற்றிவிடுவது. மத்தியை எவரும் சுமக்கவில்லை. அதற்காக எவரும் கால்வாய் வெட்டவில்லை. நீர் சூடேறியது, அது வந்தது. இங்கே கையும் தெரியவில்லை, நோக்கமும் இல்லை.

நம் சட்ட மேதைகள் செயலை நேரே செய்பவனை 'முபாஷிர்' என்றும், அதற்குக் காரணமாயிருப்பவனை 'முதஸப்பிப்' என்றும் பிரித்தார்கள். பொதுவழியில் உரிமையின்றி ஒருவன் கிணறு வெட்டுகிறான். இருளில் வந்த வழிப்போக்கன் விழுந்து மடிகிறான். வெட்டியவன் அவனைத் தள்ளவில்லை. அவன் சாவை விரும்பவும் இல்லை. ஆயினும் ஈட்டுப் பொறுப்பு அவனைச் சாரும். தன் சொந்த நிலத்தில் வெட்டியிருந்தால் சாராது. ஆக, நோக்கம் இல்லை என்பது மட்டும் ஒருவனை விடுவித்துவிடாது. பொதுவழியைக் கெடுத்தானா என்பதே கேள்வி. காற்றும் கடலும் எவருடைய சொந்த நிலம்? அவற்றினும் பொதுவான வழி உலகில் வேறுண்டா?

"ஆனால் இந்தக் கிணற்றைக் கோடானு கோடிப் பேர் ஆளுக்கொரு கைப்பிடி மண் அள்ளியல்லவா வெட்டினார்கள்?" என்பது அடுத்த தடை. ஷாஃபிஈ சட்ட நூல்களில் இதற்கு அணித்தான ஒரு வழக்கு ஆராயப்படுகிறது. ஒன்பது பொதிகள் ஏற்றிய மரக்கலத்தில் ஒருவன் அத்துமீறிப் பத்தாவது பொதியை வைக்கிறான், கலம் மூழ்குகிறது. முழு நட்டத்துக்கும் அவன் பொறுப்பாளியா, அன்றி ஒரு பகுதிக்கா? அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்றை நோக்குங்கள்: முழுமையா, பகுதியா என்பதிலேதான் வேறுபாடு, "ஏற்கெனவே ஒன்பது இருந்தனவே, ஆகவே எனக்குப் பொறுப்பே இல்லை" என்று அவன் தப்பிக்க எவரும் வழி வைக்கவில்லை. எவர் பொதி பெரிது, எவர் பொதி சிறிது என்பதும் கணக்கில் வர வேண்டியதே. நூறாண்டுகளாகப் புகைகூண்டுகளை எழுப்பிய நாடுகளின் பொதி பெரிது. நேற்று மின்விளக்கு கண்ட குடிசையின் பொதி மிகச் சிறிது. சிறியது என்பதால் குறையும். அதனால் அது இல்லாமற் போய்விடாது.

'பர்ளு கிஃபாயா' என்னும் கூட்டுக் கடமையை எண்ணிப் பாருங்கள். ஊரில் ஒருவர் இறந்தால் சிலர் கூடி அடக்கம் செய்துவிட்டால் எல்லோர் கடமையும் நீங்கும்; எவருமே செய்யாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாவர். அந்தக் குற்றத்தை ஊர்த்தொகையால் வகுத்து, "என் பங்கு ஆயிரத்தில் ஒன்று" என்று எவரும் கூற முடியாது. கடமை கூட்டாக இருக்கும்போது குற்றம் பங்கிடப்படுவதில்லை. ஒவ்வொருவர் மீதும் முழுமையாகவே நிற்கிறது. கடலையும் காற்றையும் காப்பது இவ்வகைக் கடமையென்றே நான் கருதுகிறேன்.

வந்த மீனே சோதனை

திருமறையில் சொல்லப்படும் கடற்கரை ஊரொன்றின் வரலாற்றை நம்மில் அறியாதார் இலர். விரிவுரையாளர் பலர் அவ்வூரை ஐலா என்பர். சனிக்கிழமையில் மீன் பிடிக்கலாகாது என்பது அம்மக்களுக்கு இடப்பட்ட கட்டளை. மீன்களோ அந்த ஒரு நாளில்தான் திரள் திரளாக நீர்மட்டத்துக்கு வந்தன. மற்ற நாட்களில் வரவில்லை. பஞ்சம் ஒரு சோதனை என்பதை எல்லோரும் அறிவர். பெருக்கமும் ஒரு சோதனை என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது. அவர்கள் சட்டத்தின் எழுத்தைக் காத்துக்கொண்டு அதன் கருத்தைக் கொன்றார்கள். முன்னதாகவே பள்ளம் தோண்டியும் வலை விரித்தும் வைத்து, சனியன்று மீனை அடைத்து, ஞாயிறன்று எடுத்துக்கொண்டார்கள் என்று விரிவுரைகளில் காண்கிறோம். இதற்கு 'ஹீலா', அதாவது தந்திரம் என்று பெயர்.

மத்தியின் பெருக்கம் நம் கரையில் என்ன செய்தது? கூட்டமாகத் திரியும் மீனைக் கூட்டத்தோடு அள்ளச் சுருக்குமடி வலை ஏற்றது. தமிழ்நாட்டு அரசு 2000ஆம் ஆண்டிலேயே அதற்குத் தடை விதித்தது. தடையை நீக்கக் கோரியும் நீக்கலாகாது என்றும் மீனவ ஊர்களே இரு பிரிவாயின. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில், பகல் வேளையில் மட்டும் என்ற வரையறைகளோடு இடைக்கால அனுமதி அளித்தது. வழக்கின் நியாயத்தை ஆராய்வது என் வேலையன்று. கடன் வாங்கி வலை வாங்கியவனுக்கும் வயிறு உண்டு, சிறு தோணிக்காரனுக்கும் வயிறு உண்டு. நாளும் தூரமும் நேரமும் குறித்த சட்டத்தைக் காக்க நடுக்கடலில் காவலன் நிற்க முடியாது. உள்ளத்தில் நிற்கும் காவலனே காக்க வேண்டும் என்பதையே சொல்ல வந்தேன். கேரள அரசு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாது என்று விதித்திருக்கிறது. முட்டையிட்டு இனம் பெருக்கும் வயதை எட்டாத குஞ்சுகளை அள்ளி மீன்தூள் ஆலைக்கு விற்பவன், ஐலா மக்களைப் போல, நாளைய மீனை இன்றே அடைத்துவைக்கிறான்.

அவ்வூரார் மூன்று கூட்டத்தாராயிருந்தனர். ஒரு சாரார் வரம்பு மீறினர், ஒரு சாரார் தடுத்துரைத்தனர், மூன்றாம் சாரார் வரம்பு மீறவும் இல்லை, தடுக்கவும் இல்லை, தடுத்தவர்களை நோக்கி, "இவர்களுக்கு உபதேசித்து என்ன பயன்?" என்றனர். தடுத்தோர் ஈடேறினர், மீறினோர் அழிந்தனர். வாய்மூடியிருந்த மூன்றாம் சாராரின் கதி என்ன என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. அவ்வேறுபாடே நம்மை அஞ்சச் செய்ய வேண்டும். ஏனெனில் கடலிலிருந்து நெடுந்தொலைவில் வாழும் நம் போன்றோர் வலையும் வீசவில்லை, வார்த்தையும் வீசவில்லை. நாம் அந்த மூன்றாம் சாரார்.

சுவரில் எழுதிய கணக்கு

செய்யத்தக்கது யாது? அதற்கும் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் இன்றும் உள்ளன. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. ஏரியைக் காக்கவே தனியாக ஓர் ஏரி வாரியம் இருந்தது. நிலமுடைய பிராமணர்களுக்கு மட்டுமே உரிய சபை அது என்பதை மறக்கலாகாது. ஆயினும் அதன் விதிகளுள் ஒன்று எக்காலத்துக்கும் பொருந்துவது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் பதவிக்கு வர முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. திருடியவன் மட்டுமல்லன், கணக்குக் காட்டாதவனும் தகுதியிழந்தான். பொதுப்பொருளைக் கையாண்டவன் குற்றமற்றவனாயிருந்தால் மட்டும் போதாது. கணக்குடையவனாயும் இருத்தல் வேண்டும் என்பது இதன் கருத்து. அமானிதம் என்று நாம் சொல்வதும் இதுவன்றி வேறென்ன?

மத்தி விஷயத்தில் நாம் காட்ட வேண்டிய கணக்கு மூவகைத்து. எடுப்பதில் கணக்கு: பிடிப்பவர் குஞ்சை விட்டுப் பிடிப்பது, சந்தையில் விரலளவு மீன் வந்தால் வாங்குபவர் மறுப்பது. வாங்குவோர் இல்லாப் பொருளை எவரும் நெடுநாள் விற்பதில்லை. பகிர்வதில் கணக்கு: கேரளத்தில் மத்தி அருகிய ஆண்டுகளில் தமிழகத்து மத்தி லாரிகளில் மலை கடந்து அங்கே போயிற்று. வாணிபமாகத்தான் போயிற்று, ஆயினும் ஒரு கரையின் வறுமையை மறு கரையின் பெருக்கம் ஓரளவேனும் ஆற்றியது. நாளை நம் கரை வறளும்போது நாமும் பிறர் கரையை நோக்குவோம். சொல்வதில் கணக்கு: எந்த மீன் எந்த மாதத்தில் எங்கே வந்தது, எது வராமற் போயிற்று என்பதை ஒவ்வொரு மீனவனும் அறிவான். அச்செய்தி ஆய்வாளரிடமும் அரசிடமும் போய்ச் சேர வேண்டும். மிம்பரிலும் மேடையிலும் பள்ளிக்கூடத்திலும் கடலின் வெப்பம் பேசப்பட வேண்டும். நம் வீட்டு விளக்கும் வாகனமும் எரிக்கும் எரிபொருளும் அந்தக் கணக்கில் ஒரு வரி என்பதை நம் பிள்ளைகள் அறிந்து வளர வேண்டும்.

நன்றியுணர்வு என்பது கை ஏந்தி வாங்கும்போது உதடு சொல்லும் சொல்லோடு முடிவதன்று. கொடுக்கப்பட்டதை எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்காகச் செலவிடுவதே நன்றி என்று நம் ஞானவான்கள் விளக்கியிருக்கிறார்கள். செவிக்கு நன்றி நல்லதைக் கேட்பது. கண்ணுக்கு நன்றி நல்லதைக் காண்பது. மத்திக்கு நன்றி, அது கொண்டுவந்த செய்தியை மறைக்காதிருப்பது.

கசிவின் கீழ் பயிரிட்டவன் தானே அறுவடை செய்யட்டும். அவன் வீட்டுப் பிள்ளைகள் வயிறார உண்ணட்டும். ஆனால் அறுவடைக்கு முன்பே, ஒரு கூடை மண்ணோடு அவன் கரைமேல் ஏற வேண்டும். ஏறி, ஊரையும் கூவி அழைக்க வேண்டும்.